துரோகி அட்டை

தன் புருஷன்தான் துரோகி என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அம்சவேணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. ஆட்டம் நடக்கும்போது இருவரும் பேசக் கூடாது என்பது விதி. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தேவேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அன்று வைகாசி அமாவாசை. பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுக்காரத் தெருக்களில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் தடக் தடக் என்று அதிர்கிற தெருவில் அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூட எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த ஒரு நாளில் சில ஆம்பளைகள் தூங்குவார்கள், சிலர் காணாமல் போய் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருவார்கள். இந்த வீட்டில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் விண்வெளிக்குப் போவார்கள்.

வழி காட்டியவன் அம்சவேணியின் தம்பி விஷால். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு வந்தவன் அக்காவுக்குப் புடவை எடுத்துத் தரவில்லை. பட்டு நெய்கிறவளுக்குப் புடவை எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, அரிசிச் சிப்பம் கனத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தான். உள்ளே ஒரு பெரிய வான வரைபடம், கட்டுக் கட்டாக அட்டைகள், ஒட்டிய கவர்கள், ஒரு பை நிறைய மரக்கட்டைகள், இரண்டு குட்டி ஆள்கள். பூமி வறண்டுபோய்விட்டதாம். இரண்டு பேர் ஒரு கப்பலில் ஏறி வேறு கிரகத்துக்குப் போக வேண்டுமாம். ஒரே நாளில் முடிகிற ஆட்டம் இல்லை. ஒரு பயணம் முடித்தால்தான் அடுத்த கவரைப் பிரிக்கலாம். போன வழியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், தீர்ந்த அட்டையைக் கிழித்துப் போட வேண்டும். முதலிலிருந்து ஆடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நாம இன்னா கொழந்தைங்களா?" என்று முதலில் சிரித்தவன் தேவேந்திரன்தான். கார்த்திகை அமாவாசைக்குள் அவனே காலையில் பாயை விரித்துப் பெட்டியை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான். அம்சவேணி பி.காம். படித்தவள். இங்கிலீஷ் விதிகளைப் படித்துத் தமிழில் சொல்வாள். அதனால் அவள் கேப்டன், அவன் எஞ்சின் மெக்கானிக். "நீயே ஓட்டு, நான் பின்னால உக்காந்து எண்ண ஊத்துறேன்" என்று கேப்டன் பதவியை அவனே அவளுக்குக் கொடுத்தான். அடுத்த வீட்டு துர்காதேவிக்கு இது தெரிந்த நாளிலிருந்து, "இன்னாமே, வானத்துல பால் கெடைக்குதா, நம்ம ஊர் மாதிரி தண்ணிதானா?" என்று கேலி ஓயவில்லை. கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும். கல்யாணமான மூன்று வருஷத்தில் புருஷன் தன் முகத்துக்கு நேரே மணிக்கணக்காக உட்காருவது அந்த அமாவாசைகளில்தான் என்பது துர்காதேவிக்குத் தெரியுமா?

தறியில் உட்காரும்போதுகூட முகம் பார்க்க முடியாது. புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோத்து நெய்கிற தறி அது. உடம்பையும் ஒரு பக்கத்துக் கரையையும் அவன் பார்ப்பான். அடுத்த பக்கத்துக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவை வலப்புறம் உட்கார்ந்து அவள் தள்ளுவாள். இரண்டு பேர் கண்ணும் இழைமேல் இருக்கும்.

அன்றைக்குப் பிரித்த கவரில்தான் அந்த வம்பு இருந்தது. கப்பலில் ஒரு துரோகி இருக்கலாம் என்று போட்டிருந்தது. சின்ன அட்டைகள் மூன்று. இரண்டில் விசுவாசி, ஒன்றில் துரோகி. கலைத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, மூன்றாவதைப் பார்க்காமல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒரு பையிலிருந்து சிவப்பும் பச்சையுமாக மரக்கட்டைகளை அள்ளி ஆளுக்கொரு அட்டை மறைப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். முறை வரும்போது ஒரு கட்டையைக் காற்றுக் குழாயில் வைக்க வேண்டும். பச்சை வைத்தால் காற்று வரும். சிவப்பு வைத்தால் குழாய் ஓட்டையாகும். கையில் பச்சையே இல்லாதவன் சிவப்பை வைத்துத்தான் ஆக வேண்டும். துரோகி, பச்சையை வைத்துக்கொண்டே இல்லாதவன் போல நடிப்பான்.

அம்சவேணிக்கு விசுவாசி அட்டை வந்தது. அவள் பச்சை வைத்தாள். அவன் கையை மறைப்புக்குப் பின்னால் விட்டு, தயங்கி, அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்து, ஒரு சிவப்பை எடுத்து வைத்தான். அடுத்த சுற்றில் பச்சை வைத்தான். அப்புறம் மறுபடியும் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பார்வை. என் முகத்திலிருந்து எதையாவது தெரிந்துகொள்ளப் பார்க்கிறாயா, நடக்காது மகனே என்று அவள் ஒரு புருவத்தைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது சிவப்பை வைத்தபோது அவளால் அடக்க முடியவில்லை. குற்றம் சாட்டுவதற்கான விதிப்படி வரைபடத்தின்மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"மாட்டிக்கினீங்களா! தொரோகி! நீங்கதான் தொரோகி!"

"யாரு, நானா?"

"ஒண்ணுந் தெரியாத மாதிரி மூஞ்ச வெச்சிக்கினா விட்டுடுவேனா? கேப்டன்கிட்டயா உங்க வேல?" என்று அவனுடைய மறைப்பு அட்டையைப் பிடுங்கினாள். பின்னால் நான்கு கட்டைகள். நான்கும் பச்சை. "பாருங்க, பாருங்க! இவ்ளோ பச்சைய ஒளிச்சி வெச்சிக்கினு செவப்பா எடுத்து வெக்கிறீங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற ஆளு நீங்க!"

அவன் சிரிக்கவில்லை. அந்தக் கட்டைகளையே குனிந்து பார்த்தான். அவள் அவனுடைய சின்ன அட்டையைத் திருப்பினாள்.

விசுவாசி.

அம்சவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையை மாற்றிவிட்டானோ என்று பெட்டிக்குள் கிடந்த மூன்றாவதை எடுத்துப் பார்த்தாள். அதில்தான் துரோகி இருந்தான். கப்பலில் துரோகியே இல்லை. தப்பாகக் குற்றம் சாட்டினால் கப்பல் போச்சு என்று விதி. தீபாவளியிலிருந்து ஓட்டிவந்த கப்பல் ஒரே தட்டில் போய்விட்டது. அந்த ஆத்திரம் வேறு.

"தொரோகி இல்லன்னா பின்ன எதுக்குங்க மூணு செவப்பு வெச்சீங்க? வெளாட்டுக்கா?"

"செவப்பா?" என்றான். "பச்சைதான வெச்சேன்."

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கிண்டல் இல்லை. ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து முந்தானைக்குள் உருட்டி, ஒன்றை வெளியே எடுத்து நீட்டினாள்.

"இது இன்னா கலரு?"

அவன் கட்டையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கட்டையை இன்னும் கிட்டே நீட்டி, "மூஞ்சில இன்னா இருக்குது? இதப் பாத்து சொல்லுங்க" என்றாள்.

"பச்ச."

அவள் கையில் இருந்தது ரத்தச் சிவப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போய், நூல் சுற்றி வைத்திருந்த தார்க் கட்டைகளில் இரண்டைக் கொண்டுவந்தாள். தறியில் ஓடிக்கொண்டிருந்தது அரக்குப் புடவை, பச்சைக் கரை. கல்யாணத்துக்கு நெய்வது. இரண்டு தாரையும் ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இதுல எது அரக்கு?"

தேவேந்திரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் விழுந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று சொல்ல முடியாது. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்குது" என்றான்.

இதைச் சொன்னவன் யார்? சாயப் பட்டறையிலிருந்து நூல் வந்தால் தெருவில் பாதிப் பேர் இவனிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். போன தடவை போட்ட அரக்கும் இந்த அரக்கும் ஒன்றுதானா என்று இவன் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. சமீபமாக அப்படி வந்தவர்களையெல்லாம், "இப்ப வெளிச்சம் சரியில்ல, நாளைக்குக் காலையில வா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். பெரிய மனுஷன் ஆகிவிட்டார், பிகு பண்ணுகிறார் என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

"எப்பலேர்ந்து?"

"பங்குனி உத்திரத்துக்கு அப்பாலருந்து. மொதல்ல கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சி."

"ரெண்டு மாசமா? ரெண்டு மாசமா தறி ஓடிக்கினு இருக்குதே, எப்படி ஓட்டினீங்க?"

"நீ தார் வெக்கிற எடம் மாறவே மாறாதே. எடது கிண்ணத்துல அரக்கு, வலது கிண்ணத்துல பச்ச. கலர எதுக்குப் பாக்கணும்? கைய விட்டு எடுத்துக்கினே இருந்தேன்."

அம்சவேணிக்கு நெஞ்சில் குத்தியது. பொருளை வைத்த இடத்தில் வைப்பவள் என்று புகுந்த வீட்டில் அவள் வாங்கிய ஒரே நல்ல பேர் அது. அந்த ஒழுங்கே இரண்டு மாசமாக அவள் கண்ணைக் கட்டியிருக்கிறது. ஒரு நாளாவது கிண்ணத்தை மாற்றி வைத்திருந்தால், அன்றைக்கே புடவையில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

"போன அமாவாசைக்கும் இந்தக் கட்டைதானங்க வெச்சி ஆடினோம்? அப்ப தப்பே பண்லியே?"

"அப்ப இந்த மறைப்பு அட்ட இல்ல. எல்லாக் கட்டையும் நடுவுலதான கெடந்துச்சி." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தப்பான கட்ட மேல கை போனா உன் புருவம் லேசா தூக்கும். உன் மொகத்தப் பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன். இன்னிக்கு நீ மொகத்த இறுக்கி வெச்சிக்கினே."

இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த வெட்கத்தை யாரிடம் போய்ச் சொல்ல? போன அமாவாசையன்று அவன் ஒவ்வொரு கட்டைக்கும் தன் முகத்தையே பார்த்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டுச் சிவந்துபோனாள். சாயங்காலம் பூக்காரியிடம் வழக்கத்துக்கு மேலேயே மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அத்தனை ஆசையாகப் பார்த்தான் என்று நினைத்த பார்வை, புருவம் தூக்குகிறதா என்று பார்த்த பார்வை. அவளுக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு அறை விடலாம் போலவும் வந்தது.

"கண்ணு இப்படி ஆனா டாக்டர்கிட்ட போகணும்னு தெரியாதா? இன்னா வந்துச்சி கண்ணுக்கு?"

"மாத்திரையாலதான் இருக்கும்."

"எந்த மாத்திர?"

அவன் எழுந்தான். தறிக்குப் போய், மிதி பலகைகள் இருக்கிற குழிக்குள் இறங்கி, பின்பக்கத்துச் சுவரில் கையை விட்டு ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்தான். அவள் கூட்டிப் பெருக்கும்போதுகூட எட்டாத ஒரே இடம் அது. கவருக்குள் பெரிய பெரிய மாத்திரைப் பட்டைகள், பாதி காலி.

"சளி நோயி. டிபி. மார்கழியில இருமினேனே, அது."

அம்சவேணி அப்படியே பாயில் உட்கார்ந்தாள். மார்கழி இருமலுக்குச் சாயப் புகைதான் காரணம் என்று அவன் சொன்னான். தைக்குள் இருமல் நின்றும்விட்டது. ஆனால் அப்போதுதான் அவன் மொட்டைமாடியில் படுக்க ஆரம்பித்தான். "மேல காத்து நல்லா வருது" என்றான். தை மாசக் குளிரில் என்ன காற்று வேண்டிக்கிடக்கிறது? தனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். தன்மேல் சலித்துவிட்டதோ, வேறு யாராவதோ என்று அவள் எத்தனை நாள் தலையணையை நனைத்திருக்கிறாள். வாயைத் திறந்து கேட்கப் பயந்துகொண்டு கேட்காமலே இருந்துவிட்டாள்.

"எனக்கு? எனக்கு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"உனுக்கு இல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சி."

"எனக்கு எப்ப எடுத்தாங்க?" என்று கேட்கும்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. நெசவாளர் குடும்பத்துக்கு இலவச முகாம் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். முகாம் என்றதும் அவள் மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே வேறு நெசவாளர்கள் யாரும் இல்லையே என்றுகூடக் கேட்டாள். ரிசல்ட் வந்த அன்று அவன் அரைக் கிலோ பால்கோவாவோடு வந்தான். எதற்கென்று கேட்டதற்கு, "சொம்மா" என்றான்.

"அப்ப ரெண்டு தடவ வந்தாங்களே, இன்சூரன்ஸ் அக்கா. கிரேஸ்னு. வீட்ல யாராவது இருமுறாங்களா, காய்ச்சல் இருக்குதான்னு கேட்டாங்களே?"

"அவங்க இன்சூரன்ஸ் இல்ல. டிபி ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாங்க. நாந்தான் கால்ல விழாத கொறயா கேட்டுக்கினேன், உங்கிட்ட சொல்லாதீங்கன்னு."

அந்த அக்காவுக்கு அவள் ஏலக்காய் போட்டு டீ போட்டுக் கொடுத்தாள். என் புருஷன்மேல் பாலிசி நல்லதாகப் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னாள். கிரேஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரில் தனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன்?" என்றாள்.

அவன் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்க சித்தப்பாவுக்கு இதே நோய்தான். தெரிஞ்சதும் சித்தி பொறந்த வீட்டுக்குப் போனவங்கதான். திரும்பி வர்ல. அவரு ஒண்டியாவே கெடந்து செத்தாரு. மாத்திர ஆறு மாசம். சொல்லாம முழுங்கிட்டா முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"நான் உன் சித்தியா?" என்றாள் அம்சவேணி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. அவளுக்கே அது தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் போயிடுவேன்னு நெனச்சிதான என் எதிர்ல உக்காந்து கப்பல் ஓட்டினே? சரி, அத விடு. மாத்திர குடுத்தவங்க கண்ண பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

இதற்கு அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்திருப்பான். அவள் பார்த்த பார்வையில் முடியவில்லை.

"சொன்னாங்க. மொத நாளே சொன்னாங்க. கலரு மாறித் தெரிஞ்சா அன்னிக்கே ஓடியாந்து சொல்லுன்னு."

"தெரிஞ்சா? தெரிஞ்சேவா உக்காந்திருந்தே?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. நோய் போகாது. உனுக்கு வந்துட்டா இன்னா பண்றது? இன்னும் ஒரு மாசந்தாம்மா. அதுவும் இல்லாம, கலரு தெரியாதவன்னு வெளிய தெரிஞ்சா எவன் நெய்யறதுக்குப் பாவு குடுப்பான்?"

அவள் எழுந்துவிட்டாள். கட்டைகள் பாயில் சிதறின. அன்று அமாவாசை, அடுப்பில் படையலுக்கு வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது, இலை நறுக்கி வைத்திருந்தது. அடுப்பை அணைத்தாள். மாத்திரைக் கவரை எடுத்து இடுப்பில் செருகினாள். "கெளம்பு" என்றாள்.

"படையல் போடாம எங்க போறது? அப்பா, சித்தப்பா எல்லாரும்…"

"செத்தவங்க கொஞ்ச நேரம் பொறுத்துப்பாங்க. அவங்களுக்கு இனிமே கெட்டுப் போறதுக்குக் கண்ணு இல்ல. சட்டையப் போடு!"

அப்படி ஒரு குரல் தன் பெண்டாட்டிக்கு இருக்கிறது என்று தேவேந்திரனுக்கு அன்றுதான் தெரியும். சட்டையை மாட்டினான், பொத்தானை மாற்றிப் போட்டான். வாசலில் துர்காதேவி, "இன்னாமே, வானத்துலேருந்து சீக்கிரம் எறங்கிட்டீங்க?" என்றாள். அம்சவேணி காதில் வாங்கவில்லை. தெருமுனையில் ஓர் ஆட்டோவை நிறுத்தி அவனை முதலில் ஏற்றினாள்.

கச்சபேஸ்வரர் கோவில் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது சிக்னல் விளக்கு எதிரே எரிந்தது. அம்சவேணி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இரண்டு மாசமாக இவன் எல்.எம்.எல். ஸ்கூட்டரில் தன்னைப் பின்னால் உட்கார வைத்து எங்கெல்லாம் ஓட்டினான் என்று ஒவ்வொரு சிக்னலாக எண்ணிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் இருந்தவர் லில்லி டாக்டர். நடுத்தர வயசு, நிதானமான குரல். மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். தேவேந்திரன் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு மாசமாவா? படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே குடுப்பாங்க?"

அவன் தலையாட்டினான்.

"இதுல ஒரு மருந்து சில பேருக்குக் கண் நரம்பைப் பிடிக்கும். அந்த ஒண்ணை இன்னியோட நிறுத்தியாகணும். மத்தது நிக்கக் கூடாது. உங்க டிபி டாக்டர்கிட்ட நானே பேசறேன். அந்த ஒண்ணு இல்லாமலும் நோய் குணமாக வழி இருக்குப்பா. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்க."

வழி இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அம்சவேணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவளுக்காக என்று கண்ணைக் கொடுத்தானே, அது யாருமே கேட்காத விலை.

"கண்ணு திரும்பி வந்துடுமா டாக்டர்?" என்று அவள்தான் கேட்டாள்.

"நிறைய பேருக்கு வருதும்மா. மெதுவா வரும். சில பேருக்கு முழுசா வர்றதில்லை. எந்த அளவுக்குப் போயிருக்குன்னு முதல்ல பார்ப்போம்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் பூராவும் பல நிறத்தில் புள்ளிகள், நடுவில் புள்ளிகளாலேயே ஒரு எண். முதல் பக்கத்தைப் பிரித்து, "என்ன நம்பர் தெரியுது?" என்றார்.

தேவேந்திரன் குனிந்து பார்த்தான். "பன்னண்டு."

"கரெக்டு!" என்று அம்சவேணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "பன்னண்டுதான் டாக்டர்! தெரியுது பாருங்க! அவருக்குத் தெரியுது!"

லில்லி டாக்டர் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். "இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்மா. நிறமே தெரியாதவங்களுக்கும் தெரியும். டெஸ்ட் இனிமேதான்."

அடுத்த பக்கம். அம்சவேணிக்குப் பளிச்சென்று எட்டு தெரிந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும் எட்டு. தேவேந்திரன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் உதடு ஏற்கனவே குவிய ஆரம்பித்திருந்தது. எட்டு என்று ஒரு தடவை உதட்டை அசைத்தால் போதும், அவன் பிடித்துக்கொள்வான். அதில் அவன் கெட்டிக்காரன். இந்தப் பக்கத்திலும் ஜெயித்துவிட்டு, அடுத்த பக்கத்திலும் ஜெயித்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்காலியோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் கண் தானம் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்தாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு, எப்படியாவது எட்டு என்று சொல்லிவிடு என்று அவள் ஏகாம்பரநாதரிலிருந்து காமாட்சி வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"தெரியல டாக்டர்" என்றான் தேவேந்திரன்.

ஒரு தாள் புரண்டது. "இது?"

"தெரியல."

"இது?"

"வெறும் புள்ளியாத்தான் இருக்குது டாக்டர். ஒண்ணும் தெரியல."

இத்தனை பக்கமா? இத்தனையிலுமா? மார்கழியிலிருந்து அவன் வாயிலிருந்து வந்ததில் எது உண்மை, எது பொய் என்று இனி உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இது மட்டும் உண்மை. பிரிக்கத் தேவையில்லாத உண்மை. அதைக் கேட்டுக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் புத்தகத்தை மூடி, எழுந்து, டிபி பிரிவுக்கு போன் செய்ய அடுத்த அறைக்குப் போனார்.

"வேணி, திரும்பும்மா" என்றான் பின்னாலிருந்து. "புஸ்தகம் முடிஞ்சிடுச்சி."

அவளால் உடனே திரும்ப முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பலாம் என்று முந்தானையை எடுத்தாள். அப்புறம் எடுத்த முந்தானையை அப்படியே விட்டுவிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே அந்த முகத்தோடு அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்றான்.

"ஆமாங்க" என்றாள் அம்சவேணி.